மண்புழு உரப் பெட்டி: வாங்குவதா, நாமே செய்வதா?

கேள்வி இது: சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட், வீட்டில் நான்கு பேர், கிழக்குப் பார்த்த ஒரு பால்கனி. சமையலறைக் கழிவை மண்புழு உரமாக்க ஆன்லைனில் விற்கும் அடுக்குத்தட்டுப் பெட்டியை வாங்கலாமா, பிளாஸ்டிக் கிரேட் வைத்து நாமே செய்துகொள்ளலாமா?

பெட்டியை நீங்களே செய்யுங்கள். புழுவை மட்டும் நல்ல இடத்தில் காசு கொடுத்து வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். கூடவே வரும் ஒரு கைப்பிடிப் புழுவை நம்பி முதல் வாரமே இரண்டு கிலோ காய்கறித் தோலைக் கொட்டுகிறார்கள். பத்து நாளில் நாற்றம் கிளம்புகிறது, பெட்டி வாசலுக்குப் போகிறது, பழி புழுவின் மேல் விழுகிறது.

பெட்டிக்கு மூன்றே வேலை. தண்ணீர் வடிய வேண்டும், காற்று புக வேண்டும், புழு மேயப் பரப்பு இருக்க வேண்டும். வாங்கும்போது யாரும் அளந்து பார்க்காதது மூன்றாவதைத்தான். உரம் தயாரிக்கும் புழுக்கள் மேலே 15–20 செ.மீ. ஆழத்துக்குள்தான் தின்று திரியும். அதனால் ஒரு பெட்டியின் திறனைச் சொல்வது நீளம் பெருக்கல் அகலம், உயரம் அல்ல. 40-க்கு 40 செ.மீ. தட்டு நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் புதுத் தீனி விழுவது மேல்தட்டில் மட்டும்தான். கீழே இருப்பவை பாதி முடிந்த உரத்தின் கிடங்கு.

கணக்கைப் பாருங்கள். குளிர்நாடுகளில் வழக்கமாகச் சொல்லும் அளவு, ஒரு சதுர அடிப் பரப்புக்கு வாரம் ஏறக்குறைய 450 கிராம் கழிவு. 40-க்கு 40 தட்டு 1.7 சதுர அடி. வாரத்துக்கு முக்கால் கிலோ. நம் ஊர் வெப்பத்தில், முன்கூட்டியே கொஞ்சம் மக்க வைத்த கழிவென்றால் ஒன்றரை கிலோ வரை தாங்கும். நான்கு பேர் வீட்டில் தோல், காம்பு, கீரைத்தண்டு மட்டுமே ஒரு நாளைக்கு 300 கிராம் தேறும். வாரத்துக்கு இரண்டு கிலோ. ஆக ‘இனி உங்கள் வீட்டில் ஈரக் குப்பையே இருக்காது’ என்று விற்கப்படும் தட்டடுக்கு, உங்கள் வீட்டுக் கழிவில் முக்கால்வாசிக்கு மேல் தாங்காது. அதே காசில் கிரேட் வைத்துச் செய்தால் இரண்டு மடங்கு பரப்பு கிடைக்கும், மிச்சமும் பிடிக்கலாம்.

எந்த கிரேட்? கோயம்பேட்டுக்குத் தக்காளி வரும் பக்கவாட்டு ஓட்டை வைத்த கிரேட்தான் சென்னை வெயிலுக்குச் சரி. வெளி அளவு ஏறக்குறைய 54 × 36 × 29 செ.மீ. உள்ளே மேயும் பரப்பு ஒன்றேமுக்கால் சதுர அடி வரும். இரண்டை அருகருகே வைத்தால் மூன்றரை சதுர அடி. உங்கள் வீட்டின் இரண்டு கிலோவுக்கு அது போதும். எல்லாப் பக்கமும் காற்று புகுவதால் ஈரம் மெல்ல ஆவியாகி உள்ளே வெப்பம் இறங்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இது நடக்காது. மே மாதம் புழு வெந்து சாவது அப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

வேண்டிய சாமான்:

தக்காளி கிரேட் 2. மூன்று மீட்டர் அகலப் பச்சை நிழல்வலை, இரண்டேகால் மீட்டர். கிரேட்டைவிடச் சற்றுப் பெரிய, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டிரே 2. கிரேட்டை டிரேயிலிருந்து தூக்கி நிறுத்த நான்கு செங்கல். சணல் சாக்கு 2. ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று. பாதி மக்கிய மாட்டுச் சாணம் நான்கைந்து கிலோ. புழு அரை கிலோ. தரையில் வைக்காமல் ஒரு இரும்பு ஸ்டாண்டில் வைக்க முடிந்தால் எறும்புக்கும் எலிக்கும் பாதித் தீர்வு அதிலேயே கிடைத்துவிடும்.

நிழல்வலையை ஏறக்குறைய 112 × 100 செ.மீ. அளவில் வெட்டினால் ஆறு துண்டு வரும். கிரேட்டுக்கு இரண்டிரண்டு துண்டாக உள்பக்கம் விரித்து, விளிம்பில் மடித்து, கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஒற்றை வலை போதாது. குட்டிப் புழு நழுவிவிடும், உரத்துகளும் கொட்டும். மிஞ்சும் இரண்டு துண்டு மேல்மூடிக்கு.

அடுத்தது படுக்கை. இதில் அவசரப்படுவதுதான் பெரும்பாலான தோல்விக்கு வேர். ஐந்து கிலோக் கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவரும். உங்களுக்கு இப்போது அதில் கால்வாசிதான் தேவை, ஆகவே கட்டியை உடைத்துக் கால்வாசியை மட்டும் நனையுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். புழு தோலால் மூச்சு விடுகிற உயிர். உப்பு பட்டால் சுருண்டுவிடும். மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசி, துணியில் போட்டுப் பிழிந்த பிறகே சேருங்கள். இரண்டு பங்கு நார், ஒரு பங்கு சாணம், ஒரு பங்கு கிழித்த அட்டைப்பெட்டி அல்லது காய்ந்த இலை, ஒரு கைப்பிடித் தோட்டத்து மண். புழுவுக்குப் பல் கிடையாது. வயிற்றில் அரைபட அந்த மணல்துகள் வேண்டும். பளபளப்பு அட்டையும் செலோடேப்பும் வேண்டாம்.

எல்லாவற்றையும் கலந்து 10–12 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நான்கைந்து சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்; பிடி உதிர்ந்தால் போதாது. இனி ஐந்து நாள் சும்மா விடுங்கள். ஐந்தாம் நாள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். சாணம் புதிதாக இருந்தால் இந்தச் சூடு இரண்டு வாரம்கூட நிற்கும், கூடவே அமோனியா நெடி அடிக்கும். அந்த நிலையில் புழுவை விட்டால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும்.

இப்போது புழு. நம்மிடம் மூன்று இனங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஐசீனியா ஃபெட்டிடா: செம்பழுப்பு உடலில் மஞ்சள் வளையம் தெரியும், இணையக் கடைகளில் அதிகம் கிடைப்பது. அதற்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 25 டிகிரி. 35-ஐத் தாண்டினால் சாவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அருமையான புழு, சென்னை பால்கனியில் கோடையில் தடுமாறும். யூட்ரிலஸ் யூஜினியே: ஆப்பிரிக்க இனம், நீளமாக, ஊதாப் பழுப்பில் இருக்கும். 25–30 டிகிரியில் வெறியோடு தின்னும், ஆனால் அதற்கும் 35 எல்லைதான். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்: நம் நாட்டு இனம். மெல்லியது, முதுகில் நீலம் மின்னும், தொட்டால் துள்ளும். வெப்பத்தை மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நீண்டகாலமாக வலியுறுத்திவருவது நம் ஊர் இனங்களைத்தான். சமவெளியில் இருக்கும் வீட்டுக்கு என் தேர்வும் பெரியோனிக்ஸ். அது கிடைக்காவிட்டால் யூட்ரிலஸ்.

தோட்டத்து மண்ணைக் கிளறிப் பிடிக்கும் புழு இதற்கு உதவாது. அங்கே அதிகம் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி மண்ணில் வளை போட்டு வாழ்வது, நார்ப்படுக்கையில் நிற்காது. வேளாண் அறிவியல் நிலையங்கள் பலவற்றிலும், மண்புழு உரம் போடும் விவசாயிகளிடமும் நல்ல புழு கிடைக்கும். வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: எடை புழுவுக்கா, புழுவோடு சேர்ந்த உரத்துக்கா? ‘ஒரு கிலோ’ என்று வரும் பொட்டலத்தில் முக்கால்வாசி உரமாக இருப்பது சகஜம். அதில் முட்டைக்கூடு இருக்கும் என்பதால் வீணில்லை, ஆனால் தீனி அளவை அதை நம்பிப் போடக்கூடாது.

கிரேட்டுக்கு 250 கிராம் வீதம் மாலை நேரத்தில் படுக்கையின் மேலே பரப்புங்கள். புதைக்க வேண்டாம், வெளிச்சத்துக்குப் பயந்து தானே உள்ளே இறங்கும். அரை மணி கழித்தும் மேலேயே கிடப்பவற்றை எடுத்துவிடுங்கள், அவை தேறாது. முதல் இரண்டு மூன்று இரவு பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். புது இடத்தில் புழு ஊர்ந்து வெளியேறப் பார்க்கும். பெரியோனிக்ஸுக்கு மழைக்கு முன்பும் அந்தக் குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் விளக்கைப் போட்டு வையுங்கள்.

முதல் மூன்று நாள் தீனி கிடையாது. பிறகு கிரேட்டுக்கு 100 கிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். போட்டது உருத்தெரியாமல் போன பிறகே அடுத்தது. இரண்டு மாதத்தில் புழு பெருகியதும் கிரேட்டுக்கு வாரம் ஒரு கிலோ என்ற அளவை எட்டலாம். அதுவரை மிஞ்சும் கழிவு மாநகராட்சி வண்டிக்கே போகட்டும். அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

கழிவை நேராகப் போடாமல் ஒரு மூடியுள்ள வாளியில் காய்ந்த இலையோ அட்டைத்துண்டோ கலந்து ஐந்தாறு நாள் வைத்துப் போடுங்கள். சூடெல்லாம் வாளியிலேயே அடங்கிவிடும். வாழைப்பழத்தோல், பூசணி, சுரைக்காய், கீரைத்தண்டு, ஃபில்டர் காபி சக்கை, அலசிய டீத்தூள் எல்லாம் ஒன்றாம் தரம். தேங்காய் நார், முருங்கைச் சக்கை, மாங்கொட்டை மக்க மாதக்கணக்கில் ஆகும். எலுமிச்சைத் தோல், வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் துளித்துளியாக. சாம்பார், ரசம், ஊறுகாய், தயிர், எண்ணெய், மீன், கறி இவற்றில் எதுவும் கூடாது. உப்பும் புளியும் உள்ளது எதுவும் புழுவுக்கு விஷம்.

மிஞ்சிய சோறும் இட்லிமாவும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இதனால்தான் அதிகம் புழு சாகிறது. மாவுச்சத்தும் புரதமும் காற்றில்லாத ஈரத்தில் புளித்து அமிலமாகும். அதைத் தின்ற புழுவின் உடல் அங்கங்கே வீங்கி, நடுநடுவே இறுகி, முத்து கோத்த மாலை மாதிரி ஆகிவிடும். மேலே வந்து நெளியும், சில துண்டாகவே அறுந்துவிடும். இப்படி ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் உடனே தீனி இருந்த இடத்தைக் கரண்டியால் அள்ளி வெளியே கொட்டுங்கள். காய்ந்த நாரும் கிழித்த அட்டையும் இரண்டு பிடி கலந்து, மிக்ஸியில் பொடித்த முட்டைஓடு இரண்டு ஸ்பூன் தூவி, ஒரு வாரம் பட்டினி போடுங்கள். புளிப்பை எடுக்க வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது புழுவின் தோலைப் பொசுக்கிவிடும், முட்டைஓடுதான் பாதுகாப்பானது.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் தெளித்தாலே பாதி ஓடிவிடும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சென்னையில் அந்தத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால் சில சொட்டு எண்ணெய் விட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எறும்புச் சாக்பீஸ் மட்டும் பக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் பூச்சிமருந்து, துடைத்த தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போனாலும் புழுவைக் கொல்லும். வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க ஆள் வரும் நாளில் கிரேட்டை மாடிக்கு, நிழலான இடத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

சாம்பல் பழுப்பு நிறத்தில், தட்டையாக, இரண்டு செ.மீ. நீளப் புழுக்கள் கூட்டமாக நெளிந்தால் அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. மனிதருக்குக் கெடுதல் இல்லை, மண்புழுவையும் தின்னாது. ஆனால் தீனியைக் காலி செய்து, சூடு கிளப்பி, சொதசொதவென்று ஆக்கிவிடும். தீனி மேலே தெரிவதால்தான் அந்த ஈ வந்து முட்டையிடுகிறது. எப்போதும் ஐந்து செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே நாரைப் போட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். பழ ஈக்கும் இதே வைத்தியம்தான்.

கத்திரி வெயில் நாட்களில் சாக்கைக் காலையிலும் மாலையிலும் நனையுங்கள். காலை வெயில் பால்கனிக்குள் எந்தக் கோடு வரை விழுகிறது என்று பார்த்து, அதைத் தாண்டி நிழல் பக்கம் வையுங்கள். கிழக்குப் பார்த்த பால்கனியில் பத்து மணி வரை வெயில் உள்ளே வரும் என்பதை மறக்க வேண்டாம். ஏசி வெளி யூனிட்டின் வெப்பக்காற்று படும் இடமும் ஆகாது. அந்த மாதங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மக்கும் கழிவே சூட்டைக் கூட்டும்.

வேறு எதிலெல்லாம் செய்யலாம் என்று கேட்பார்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஆழம் அதிகம், பரப்பு குறைவு. தெர்மாகோல் மீன்பெட்டி வெப்பம் தடுக்கும், எலி ஒரே இரவில் கடித்துவிடும். பிளைவுட்டில் பசை, மற்ற மரத்தில் கரையான். தகரம் கொதிக்கும். தனிவீடும் மரநிழலும் இருப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட மூன்று அடி விட்டக் கிணற்று உறை ஒன்று சிறந்தது: ஏழு சதுர அடிப் பரப்பு, பகலெல்லாம் குளிர்ச்சி, எலி துளைக்காது. புது சிமென்ட்டில் காரம் இருக்கும். அடியைப் பூசி வடிகால் குழாய் வைத்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி மாற்றி மாற்றி இறக்கிய பிறகே படுக்கை போட வேண்டும். பெருச்சாளி இருக்கும் இடமென்றால் மேலே வெல்டு மெஷ் மூடி அவசியம்.

வாங்குவதும் சில வீடுகளுக்குப் பொருந்தும். வெட்டவும் கட்டவும் நேரமில்லாதவர்கள், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, குனிந்து கிரேட் தூக்க முடியாத மூத்தவர்கள், பால்கனியில் சாக்கு தொங்கினாலே ஆட்சேபிக்கும் அசோசியேஷன். அப்படி வாங்கினால் தட்டின் உள் நீள அகலத்தைக் கேட்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். தட்டின் ஓட்டை ஆறு மி.மீ.யாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்த புழு மேல்தட்டுக்கு ஏறாது. மேல்தட்டின் அடி கீழ்த்தட்டின் உரத்தைத் தொட வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து நடுவே இடைவெளி விடும் வடிவத்தில் புழு கீழேயே தங்கிவிடும். குழாய் அடித்தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் உயரத்தில் இருந்தாலும் அடியில் தண்ணீர் தேங்கி அழுகும். மூடியில் காற்றோட்டம் வேண்டும். மூன்று அடுக்கு மண்பானையும் இதே வரிசையில் விற்கப்படுகிறது. அது பெரும்பாலும் சாதாரண மக்குக்குழி முறை, நுண்ணுயிர்ப் பொடி போட்டுச் செய்வது. சூடேறும் பானையில் புழு விட்டால் பிழைக்காது.

டிரேயில் வடியும் பழுப்புத் தண்ணீரை வெர்மிவாஷ் என்று நினைத்து இலையில் தெளிக்காதீர்கள். வெர்மிவாஷ், நன்றாக வேலை செய்யும் புழுப்படுக்கையின் வழியே புதுத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக இறக்கி எடுப்பது. டிரேயில் இருப்பது கழிவிலிருந்து கசிந்த சாறு. நாற்றமில்லாமல் இருந்தால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிகளின் வேருக்கு ஊற்றலாம், நாறினால் சாக்கடைக்கு. தினமும் அரை டம்ளருக்கு மேல் வடிகிறதென்றால் நீங்கள் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள்.

அறுவடை 60 முதல் 75 நாளில் வரும். மேற்பரப்பு டீத்தூள் மாதிரிக் குருணைக் குருணையாக, மண்வாசனையோடு இருக்க வேண்டும். ஒரு கிரேட்டில் மட்டும் முதலில் எடுங்கள். மற்றது வழக்கம்போல் ஓடட்டும். உரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான பாதியில் புதுப் படுக்கை போட்டு, தீனியை அங்கே மட்டும் வையுங்கள். பழைய பக்கத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழு இந்தப் பக்கம் வந்துவிடும். பிறகு பழைய பாதியை ஒரு பிளாஸ்டிக் தாளில் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் அரை மணி விட்டால் மிச்சப் புழு அடியில் இறங்கும். மேலிருந்து வழித்துக்கொண்டே வாருங்கள். நான்கு மி.மீ. சல்லடையில் சலிக்கும்போது எலுமிச்சை வடிவில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக மஞ்சள் பழுப்பு மணிகள் தென்பட்டால் அவை முட்டைக்கூடு. கண்ணில் பட்டதையெல்லாம் திரும்பப் படுக்கைக்கே போடுங்கள். சில வாரத்தில் குஞ்சு வரும். சலித்த உரத்தை நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, இறுக்கிக் கட்டாமல் சாக்கிலோ ஓட்டையிட்ட டப்பாவிலோ வையுங்கள். முழுக்கக் காயவைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போதும்.